பற்றீரியா மின்சாரமும் உடுவிற் கிணறுகளும்

எமது குடாநாட்டிலே மின்சாரம் என்னும் சொல்லுக்கு ஏனைய இடங்களில் இல்லாத ஒரு கவர்ச்சி உண்டு. அதற்குத் தக்க காரணமும் உண்டு. 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர், மின்னிணைப்பு அறுந்திருந்த காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் பரீட்சைக்குப் படித்தவர்களும், சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களும் இன்று எம்மத்தியில் ஆசிரியர்களாகவும் விரிவுரையாளர்களாகவும் இருக்கின்றனர். 2022 மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டு, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இருளை அறிமுகஞ் செய்து வைத்தது. இத்தகைய மக்களிடம் ஒருவர் வந்து, சேற்றில் வாழும் பற்றீரியாவிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று சொன்னால், அவர்கள் ஆவலோடு செவிசாய்ப்பது இயல்பே. அந்த ஆவலை நான் குறைகூற வரவில்லை. அதனைப் பயன்படுத்தி விஞ்ஞானத்தின் பெயரால் வீண் நம்பிக்கையை வளர்ப்போரையும், அந்நம்பிக்கை பொய்த்தவுடன் முழு ஆராய்ச்சியையுமே விளையாட்டென்று தள்ளிவிடுவோரையும் ஒருங்கே மறுப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உடுவிலுக்கு அயலில் நடைபெற்ற ஒரு பாடசாலைக் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். குளத்துச் சேறு நிரப்பிய பிளாஸ்ரிக் வாளிகள் ஆறு வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துத்தநாகத் தகடும் ஒரு செப்புத் தகடும் செருகப்பட்டிருந்தன. கம்பிகளின் முடிவில் ஓர் ஒளிகாலும் இருவாயி செந்நிறமாக ஒளிர்ந்தது. பார்வையாளருள் ஒருவர் மாணவனை நோக்கி, “தம்பி, இதாலை எங்கடை வீட்டுக் கறண்ட் பில்லுக் குறையுமோ?” என்று வினவினார். “எதிர்காலத்திலை முழு ஊருக்குமே குடுக்கலாம், ஐயா” என்று மாணவன் விடை கூறினான். கூடிநின்றோர் மகிழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வீடு திரும்பிய பின்னரே உண்மை உறைத்தது. துத்தநாகமும் செப்பும் ஈரமான எந்தப் பொருளில் நின்றாலும் மின்னோட்டத்தைத் தரும். எலுமிச்சம்பழத்திலும் தரும், உப்பு நீரிலும் தரும். அங்கே விளக்கை ஏற்றியது கரைந்துகொண்டிருந்த துத்தநாகமேயன்றிப் பற்றீரியா அன்று. சேற்றை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு மீண்டும் சோதித்திருந்தால் இது வெளிப்பட்டிருக்கும். உயிரற்ற சேற்றிலும் விளக்கு எரியுமாயின் உயிர்களுக்கு அதிற் பங்கில்லை. இது புதிய தவறும் அன்று. 1791 இல் கல்வானி தவளைக் கால்களின் துடிப்பைக் கண்டு அதனை விலங்கு மின்சாரம் என்றார். இரு வேறு உலோகங்களின் செயலே அது என்று வாதாடிய வோல்ற்றா, 1800 இல் உலோகத் தட்டுகளை அடுக்கித் தமது மின்னடுக்கை அமைத்துக் காட்டினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே மயக்கத்தை எமது பிள்ளைகளுக்கு நாம் பரிசளித்து வருகின்றோம். பிழை மாணவனுடையதன்று. கொதிக்கவைத்துப் பார் என்று சொல்லாத எம்முடையது.

அவ்வாறாயின் பற்றீரியா மின்சாரம் என ஒன்று இல்லையா? உண்டு. 1911 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டறம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் பொற்றர் என்பார், மதுவத்தையும் பற்றீரியாவையும் வளர்த்த கரைசல்களிற் பிளாற்றின மின்வாய்களை இட்டு, சேதனப் பொருள் சிதையும்போது மின்னழுத்தம் பிறப்பதை அறிவித்தார். 1931 இல் அமெரிக்காவில் பார்னெற் கோயன் அத்தகைய கலங்கள் பலவற்றைத் தொடராக இணைத்து 35 வோல்ற்று அழுத்தத்தைப் பெற்றார். ஆயினும் கிடைத்த ஓட்டம் 2 மில்லி அம்பியர் மாத்திரமே. 1980களின் இறுதியில் டெறெக் லவ்லி பொற்றோமக் ஆற்றுச் சேற்றிலிருந்து ஜியோபற்றர் என்னும் இனத்தையும், கெனத் நீல்சன் ஒனைடா ஏரியிலிருந்து ஷிவனெல்லா என்னும் இனத்தையும் பிரித்தெடுத்தனர். இவை ஒட்சிசன் இல்லாத இடத்தில் தம் உடலுக்குப் புறத்தேயுள்ள இரும்பு, மங்கனீசுத் தாதுக்களுக்கே இலத்திரன்களைக் கையளித்துச் சுவாசிக்கும் வல்லமை படைத்தவை. தாதுவின் இடத்தில் ஒரு காபன் மின்வாயை வைத்தால் அதற்கும் அவை இலத்திரன்களைக் கொடுக்கும். 1999 இல் கொரியாவைச் சேர்ந்த கிம் குழுவினர், இடைநிலைச் சாயங்கள் எவையும் சேர்க்காமலே ஷிவனெல்லா மின்னோட்டந் தருவதைக் காட்டினர். 2004 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழுவினர் வீட்டுக் கழிவுநீரையே எரிபொருளாக்கினர்.

இக்கலத்தின் தொழிற்பாடு எளிது. காற்றுப் புகாத அறையில் அனோட்டின்மேற் பற்றீரியா படலமாகப் படிந்து, கழிவுநீரிலுள்ள சேதனப் பொருளை ஒட்சியேற்றி இலத்திரன்களை அதற்குக் கொடுக்கின்றன. இலத்திரன்கள் புறக்கம்பி வழியே கதோட்டை அடைகின்றன. புரோத்தன்கள் நீரினூடே நகர்ந்து அங்கே சேர, ஒட்சிசன் அவ்விரண்டையும் ஏற்று நீராகின்றது. ஒரு கலத்தின் அழுத்தம் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 1.1 வோல்ற்று, ஓட்டம் எடுக்கும்போது நடைமுறையிற் கிடைப்பது பெரும்பாலும் 0.3 முதல் 0.5 வோல்ற்று வரையே.

இனி, முழு ஊருக்கும் மின்சாரம் என்ற வாக்குறுதியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு வெளியேற்றும் கழிவின் இரசாயன ஒட்சிசன் கேள்வி ஏறத்தாழ 100 கிராம் என்பது பாடநூற் கணக்கு. அதிலுள்ள இலத்திரன்கள் யாவும் கம்பிவழி வந்தால் 335 அம்பியர் மணி மின்னேற்றம் கிடைக்கும். 0.4 வோல்ற்றில் அது 134 வாற்று மணியாகும். உண்மையில் இலத்திரன்களிற் பாதி வந்து சேர்வதே நல்ல பேறு. எனவே ஐவர் கொண்ட குடும்பத்தின் ஒரு நாட் கழிவு முழுவதும், மின்பட்டியலில் ‘அலகு’ என்று குறிக்கப்படுவதன் மூன்றிலொரு பங்கையே தரும். அக்குடும்பத்தின் கிணற்றடியிலுள்ள ஒரு குதிரைவலு நீரிறைக்கும் இயந்திரத்தை அது அரை மணித்தியாலந்தானும் இயக்காது. இக்கணக்கைச் செய்ய உயர்தர வகுப்பு மாணவனுக்கு அறியாத எதுவும் தேவையில்லை. பரடேயின் மாறிலியும் ஒரு பெருக்கலும் போதும். ஆயினும் கண்காட்சிகளில் இக்கணக்கு எழுதிய அட்டையை நான் இதுவரை கண்டதில்லை.

கலத்தைப் பெரிதாக்கினால் வலு பெருகாதா என்று வினவலாம். பெரிதாக்கிப் பார்த்திருக்கின்றனர். அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 2007 இல் யற்றாலா என்னுமிடத்தில் ஒரு பியர் ஆலையின் கழிவுநீருக்கு ஒரு கனமீற்றர் கொள்ளளவில் இத்தகைய கலத்தொகுதியை அமைத்தனர். அந்நீரின் குறைந்த மின்கடத்துதிறன் ஓட்டத்தைத் தடுத்தது. ஆய்வுகூடத்திற் சிறு குவளை தந்த செறிவான வலுவைப் பெருந்தொட்டி தரவில்லை. அயன்கள் கடக்கவேண்டிய தூரம் கூடக்கூடக் கலத்தின் அகத்தடையும் கூடுவது இதன் இயல்பு. சிறிதளவு வலுவே போதுமான இடங்களில் இக்கலம் வெற்றி கண்டுள்ளது. 2008 இல் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தார் ஆற்றடிச் சேற்றில் மின்வாய் பதித்து ஒரு வானிலை மிதவையை இயக்கியதை அறிவித்தனர். 2013 இல் பிறிஸ்ரல் ஆய்வாளர் சிறுநீரைக்கொண்டு கைத்தொலைபேசி ஒன்றுக்கு மின்னேற்றினர். 2015 இல் அங்கேயே, அகதி முகாம்களின் மலசலகூடங்களுக்கு விளக்கேற்றும் எண்ணத்துடன், ஒக்ஸ்பாம் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு சிறுநீர்கழிப்பிடத்தை அமைத்துக் காட்டினர். இருளில் மலசலகூடம் செல்ல அஞ்சும் ஒரு பெண்ணுக்கு அச்சிறு விளக்கு பெரும் பேறு. ஆனால் ஊருக்கு ஒளியூட்டுதல் வேறு, மலசலகூடத்துக்கு ஒளியூட்டுதல் வேறு.

மின்சாரமே எமது வேட்கையாயின், பற்றீரியாவை நாடுவோருக்கும் இதனிலும் எளிய வழி உண்டு. செறிந்த கழிவைச் சாணவாயுத் தொட்டியில் இட்டால், எமது வெப்பநிலையில் அது செவ்வனே நொதித்து மெதேனைத் தரும். அவ்வாயுவைச் சமையலுக்கு எரிக்கலாம், இயந்திரத்திலும் எரிக்கலாம். அங்கே மின்வாயும் வேண்டாம், மென்றகடும் வேண்டாம். ஆகவே மின்னுற்பத்தி என்ற அளவுகோலால் அளந்தால் நுண்ணுயிர் எரிபொருட்கலம் தோற்றுவிட்டது என்றே நான் தீர்ப்பளிப்பேன். அளவுகோலே பிழையானது என்பதுதான் எனது வாதம்.

அக்கண்காட்சியில் விளக்கைப் பார்த்த எவரும் வாளியின் நீரைப் பார்க்கவில்லை. நல்ல காபன் மின்வாயுடன் உண்மையான பற்றீரியாக் கலம் ஒன்று அங்கே இருந்திருப்பின், அதனுட் புகுந்த அழுக்கு நீர் தூய்மை பெற்று வெளிவந்திருக்கும். விளக்கின் ஒளி அத்தூய்மையின் அடையாளமே. இதனை உடுவிலில் வாழும் ஒருவர் உணராவிட்டால் வேறு எவர் உணர்வார்?

எமது நிலத்தின் இயல்பை நினைவூட்ட வேண்டியதில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரியிற் பெய்யும் மழை செம்மண்ணினூடே இறங்கி, வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லிலே, உவர்நீரின்மேல் மிதக்கும் வில்லையாகத் தேங்குகின்றது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த ஒரு வில்லையிலிருந்தே. அதே மண்ணிலேதான் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் யூரியாவை இடுகின்றோம். அதே மண்ணிலேதான் மலசலகூடக் குழிகளையும் தோண்டுகின்றோம். பரப்புக் கணக்கிற் பங்கிட்ட எமது வளவுகளிற் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் விடுவதற்கும் இடமில்லை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் பல்லாண்டுகளாகக் காட்டி வந்துள்ளன. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கொதிக்கவைத்தால் அது நீங்காது; நீர் ஆவியாவதாற் செறிவு கூடவே செய்யும். புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தையின் குருதியில் ஒட்சிசன் ஏறாதபடி தடுத்து உடலை நீலம் பாரிக்கச் செய்வது இதுவே.

இன்னொன்றும் உண்டு. உடுவில் பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளேயே சுன்னாகம் அடங்கும். அங்கு அமைந்த அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலக்கீழ்நீரிற் கலந்ததென்ற வழக்கில், அந்நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிப்புற்றோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்சாரத்துக்காகக் கிணற்றை இழந்த ஊர் எங்களுடையது. அந்த ஊரிலே நின்றுகொண்டு, பற்றீரியாவைக் கண்டவுடனும் மின்சாரத்தையே கேட்பது எத்துணைப் பேதைமை!

இப்பொழுது கணக்கை வேறுவிதமாகச் செய்வோம். ஒருவர் நாளொன்றுக்கு வெளியேற்றும் நைதரசன் ஏறத்தாழ 12 கிராம். அது முழுவதும் நைத்திரேற்றாக மாறி நிலத்தடிக்குச் சென்றால், ஏறக்குறைய ஆயிரம் லீற்றர் தூய நீரை மேற்கூறிய எல்லைக்கு உயர்த்திவிடும். ஒருவரின் ஒரு நாட் கழிவுக்கு ஆயிரம் லீற்றர்! அந்த நைத்திரேற்றைத் தீங்கற்ற நைதரசன் வாயுவாக்க ஓர் அணுவுக்கு 5 இலத்திரன்கள் தேவை. 2007 இல் பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழகத்தார், கதோட்டில் ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றையே இலத்திரன் ஏற்கச்செய்து, அங்கு வாழும் பற்றீரியாவின் துணையுடன் அதனை நைதரசனாக்கிக் காட்டினர். கணக்கிட்டால், ஒருவருடைய கழிவின் சேதனப் பொருளிலுள்ள இலத்திரன்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அதே கழிவின் நைதரசன் முழுவதையும் நீக்கப் போதுமானது. கிணற்றடி இயந்திரத்தை அரை மணித்தியாலம் இயக்க மாட்டாத அதே இலத்திரன்கள் கிணற்றைக் காக்க வல்லவை. இடையில் அமோனியாவை நைத்திரேற்றாக்கும் ஒரு காற்றூட்டப் படி வேண்டும் என்பதையும், ஆய்வுகூடத்தில் நிகழ்வது வளவில் அவ்வாறே நிகழும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுகின்றேன். மிகைப்படுத்தலை மறுக்க வந்தவன் தானே மிகைப்படுத்தல் தகாது.

எண்ணெய்க்கும் இது பொருந்தும். ஒட்சிசனின்றியே தொலுயீன் போன்ற ஐதரோகாபன்களைச் சிதைக்கும் ஆற்றல் ஜியோபற்றர் இனத்துக்கு உண்டு. மாசுற்ற மண்ணில் மின்வாயைப் பதித்து அவ்வுயிர்களுக்கு இலத்திரன் வாங்கியாக அமைக்கும் ஆராய்ச்சிகள் உலகிற் பலவிடங்களில் நடைபெறுகின்றன. சுன்னாகத்தைத் தன் எல்லைக்குட் கொண்ட ஊர் இதனை ஆராயாமல் வேறெந்த ஊர் ஆராய வேண்டும்?

மறுப்புரைகள் எழும் என்பதை அறிவேன். குழாய்நீர் வருகின்றதே, கிணறு எதற்கு என்பர் சிலர். 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. அதனை நானும் வரவேற்கின்றேன். ஆயினும் கடல்நீரிலிருந்து ஒரு கனமீற்றர் நன்னீர் பெற 3 அல்லது 4 அலகு மின்சாரம் செலவாகும். மின்வெட்டு வந்த நாட்டில், மழை இலவசமாகத் தந்த நீரை மலத்தாற் கெடுத்துவிட்டு, மின்சாரங் கொடுத்துக் கடலை வடிப்பது அறிவுடைமையாகுமா? மேலும், தோட்டத்துக்குக் குழாய்நீரால் இறைக்கப்போவது யார்? கிணறு கெட்டபின் வலிகாமத்தில் வேளாண்மை இல்லை.

வழமையான காற்றூட்டற் சுத்திகரிப்பு நிலையம் போதாதா என்பர் வேறு சிலர். அத்தகைய நிலையங்களில் மின்சாரத்தின் பெரும்பகுதி காற்றூட்டுவதற்கே செலவாகின்றது. பெருந்தொகைச் சேறும் மிஞ்சுகின்றது. நுண்ணுயிர்க் கலம் அவ்விரண்டையுங் குறைக்கும். அது உண்டாக்கும் மின்சாரத்தைவிட மிச்சப்படுத்தும் மின்சாரமே பெரிது. மேலும், வீடுகள் பரந்து கிடக்கும் எமது ஊர்களுக்குப் பொதுக்கழிவுக் குழாய்கள் என்று வருமோ யாரறிவார்? வளவுக்குள்ளேயே தொழிற்படும் சிறுகலம் பற்றிச் சிந்திப்பது எமது கடமை.

மேனாட்டவர் செய்து முடிக்கட்டும், பின்னர் வாங்குவோம் என்பார்க்கும் ஒரு சொல். பிளாற்றினத்தைக் கைவிட்டுக் காபனுக்கு வந்துவிட்ட துறை இது. போகலவிலும் கஹட்டகஹவிலும் அகழப்படும் இலங்கைக் காரீயம் உலகப் புகழ்பெற்றது. சேறு எம்மிடம் உண்டு, கழிவும் உண்டு, வெப்பமும் உண்டு. 1974 இல் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கிய பல்கலைக்கழகம் திருநெல்வேலியில், உடுவிலுக்குச் சில கிலோமீற்றர் தொலைவிலேயே உண்டு. இல்லாதது ஒன்றே: வேதியியலாரும் நுண்ணுயிரியலாரும் பொறியியலாரும் ஒரே கிணற்றடியிற் கூடுவது.

தமிழில் இதனை ஆராய இயலுமா என்று ஐயுறுவோர், உடுவிலின் அயலூராகிய மானிப்பாயை நினைக்கட்டும். 1847 இல் இலங்கைக்கு வந்த டாக்டர் கிறீன், 1860களில் அங்கே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களையும் ஆக்குவித்தார். உடுவிலிலோ 1824 இலேயே பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தோன்றிவிட்டது. இலத்திரனும் ஒட்சியேற்றமும் நைத்திரேற்றும் எமது பாடநூல்களிற் பழகிய சொற்கள். சொல் இல்லாமல் நாம் நிற்கவில்லை. செயல் இல்லாமல் நிற்கின்றோம்.

எனவே பல்கலைக்கழக மாணவரிடமும் விரிவுரையாளரிடமும் நான் வேண்டுவது பெரிதன்று. உடுவிலில் மூன்று கிணறுகளைத் தெரிந்தெடுங்கள். ஒரு மலசலகூடக் குழியின் வெளிநீருக்கு ஒரு கலத்தை அமையுங்கள். அருகே கலமில்லாத ஒரு குழியையும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாரியும் கோடையும் அடங்க ஓராண்டு, மாதந்தோறும் நைத்திரேற்றை அளவிடுங்கள். முடிவை இச்சஞ்சிகையிலே தமிழில் எழுதுங்கள். தோல்வியாயின் அதனையும் எழுதுங்கள்; எங்கே தோற்றது என்ற கணக்கு அடுத்து வருவோனுக்கு முதலாகும். அடுத்த கண்காட்சியிலும் விளக்கு எரியட்டும், அதற்குத் தடையில்லை. ஆனால் அதனருகே இரண்டு கண்ணாடிக் குவளைகளில், கலத்துட் புகுமுன் எடுத்த நீரும் வெளிவந்தபின் எடுத்த நீரும், அவற்றின் அளவீடுகளோடு வைக்கப்படட்டும். கறண்ட் பில்லுக் குறையுமோ என்று கேட்கும் ஐயாவுக்கு, “குறையாது ஐயா, ஆனால் உங்கடை கிணத்துத் தண்ணியைக் காப்பாத்த முடியுமோ எண்டு பாக்கிறம்” என்று அம்மாணவன் உண்மையான விடையைக் கூறட்டும்.